முந்தானையில் முடிந்த சீனி

ஒரு கையெழுத்து வாங்கிவரத்தான் என்னை இலங்கைக்கு அனுப்பினார்கள். மாமனார் காலமான பிறகு மதுரையில் இருந்த பழைய வீட்டை விற்க ஏற்பாடாயிற்று. பத்திரத்தில் என் கணவரின் அக்காவும், நான் அண்ணி என்று கூப்பிடுபவர், கையொப்பமிட வேண்டும். அவர் கல்யாணமாகித் திருகோணமலைக்குப் போய்ப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. என் கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. "நீ போய்விட்டு வா, கோமுவுக்கும் கப்பல் பார்த்த மாதிரி இருக்கும்" என்றார், ஏதோ அழகர்கோவிலுக்கு அனுப்புவது போல.

கோமு எங்கள் மகள். அப்போது ஏழு வயது. ஐந்து வயதில் அவளுக்கு நீரிழிவு என்று தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் தொடையில் இன்சுலின் ஊசி, தட்டில் அளந்து வைத்த சோறு. ஆகவே எங்கள் பெட்டியில் சேலைகளைவிடச் சாமான்கள்தான் அதிகம். கண்ணாடி ஊசி, அதை வேகவைக்க ஒரு பாத்திரம், ஸ்பிரிட் விளக்கு, சோதனைக் குழாய், நீலத் திரவம் நிறைந்த ஒரு புட்டி. அந்த நீலத் திரவத்தில் அவள் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் உடம்பில் சர்க்கரை மிகுந்துவிட்டது என்று அர்த்தம்.

இவற்றோடு ஒரு சின்னத் தகர டப்பாவில் சீனியும் வைத்திருந்தேன். இனிப்பே ஆகாத பிள்ளைக்குச் சீனி எதற்கு? ஊசி போட்ட பிறகு சாப்பாடு குறைந்தாலோ, ஓட்டம் கூடினாலோ சர்க்கரை மடமடவென்று இறங்கிவிடும். வியர்க்கும், நடுங்கும், பிள்ளை மயங்கும். அப்போது உடனே வாயில் சீனியைப் போட வேண்டும். இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் இதை என்னிடம் இரண்டு முறை சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்தார். நான் அண்ணி வீட்டில் ஒரு முறைகூட இதைச் சொல்லவில்லை.

சொன்னதெல்லாம் மற்றப் பாதிதான். போய் இறங்கிய அன்றே, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டேன். "அண்ணி, இவளுக்குச் சீனி ஆகாது. மிட்டாய் ஆகாது. சோறும் அளவுதான். பாசத்தில் யாரும் எதுவும் கொடுத்துவிடக் கூடாது. இவளுக்கு அது விஷம் மாதிரி."

"விஷமோ!" என்று அண்ணி நெஞ்சில் கை வைத்தார். பதினான்கு வருடத்தில் அவர் பேச்சு முழுக்க அந்த ஊராகிவிட்டிருந்தது. "நீ பயப்பிடாதே. என்ர வீட்டில ஒரு குருணி சீனி பிள்ளையின்ர கண்ணில படாது."

படுவதற்கு அங்கே அதிகம் இருக்கவும் இல்லை. எழுபதுகளின் அந்த வருடங்களில் இலங்கையில் சீனிக்குப் பங்கீடு. பாணுக்கு, அதாவது நம் ரொட்டிக்கு, விடிவதற்கு முன்பே வரிசை. அரிசியும் அளந்துதான். அதனால் எந்த வீட்டுக் குசினியைப் பார்த்தாலும் மரவள்ளிக் கிழங்குதான் வெந்துகொண்டிருந்தது. கோமுவுக்குக் கொடுக்கக் கூடாத மாவுச்சத்துக்கு ஓர் உருவம் கொடுத்தால் அது மரவள்ளிக் கிழங்காகத்தான் இருக்கும்.

அன்று மாலை எங்களைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். அண்ணி பாலில்லாத, சீனியில்லாத வெறும் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் கொஞ்சமும் கூச்சப்படாமல் ஆளுக்கொரு முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். உள்ளே துளித் துளிச் சீனி. ஒருத்தியிடம் பனங்கட்டித் துண்டு. இடது உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடித்தார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்தேன் போலிருக்கிறது.

"என்ன பாக்கிறியள்?" என்று ஒருத்தி சிரித்தாள். "போற வீட்டாக்களுக்குக் கரைச்சல் குடுக்கப்படாது. எங்கட சீனி எங்களோட."

"உங்கட மச்சாளுக்கு முடிச்சு அவிழ்க்கிற வேலை இல்லை. மதுரையில மூட்டை மூட்டையாக் கிடக்குமாம்" என்றாள் இன்னொருத்தி அண்ணியிடம்.

எங்கள் ஊரில் விருந்தாளிக்குக் காப்பியில் சீனி குறைந்தால் அது ஒரு வருடப் பேச்சு. இங்கே சீனி இல்லாததை எல்லாருமாகச் சேர்ந்து ஒரு குறையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது. ஆனால் உள்ளங்கையை நக்குவதை மட்டும் பார்க்க முடியவில்லை. அந்தக் கைகளைக் கழுவினார்களா என்றே என் மனம் ஓடிற்று.

இரண்டாம் நாள் கையெழுத்து வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. திரும்பக் கப்பலேற இன்னும் ஒரு வாரம் இருந்தது. அண்ணியின் கணவர் துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். இன்சுலின் புட்டி வெயிலில் கெட்டுப்போகக் கூடாதே என்று, மீனுக்குப் போடும் ஐஸை ஒரு போணியில் வாங்கித் தினமும் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். பாதி வழியில் உருகிவிடும். மீதிப் பாதியை ஏதோ பிரசாதம் போல நீட்டுவார்.

அவர்தான் அந்தப் பேச்சை எடுத்தார். "உள்துறைமுகப் பக்கம் கார்னிவல் வந்திருக்கு, கோமு. பெரிய ராட்டினம். மேல நிண்டா ரெண்டு பக்கமும் கடல் தெரியும்."

கோமு என்னைப் பார்த்தாள். ராட்டினத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "அங்கே எனக்குத் தின்ன என்னம்மா இருக்கும்?" என்றுதான் கேட்டாள். மதுரையில் பொருட்காட்சிக்குப் போன வருடம், மற்றப் பிள்ளைகள் பஞ்சு மிட்டாய் தின்றபோது இவள் கைப்பிள்ளை போல என் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். அது எனக்கும் மறக்கவில்லை, அவளுக்கும் மறக்கவில்லை. "உனக்கென்று தனியாக, எல்லாரும் ஆசைப்படும்படி ஒன்று கொண்டுபோவோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் யோசித்தேன்.

சந்தைக்குப் போனோம். ஒரு கடைக்காரரிடம், "மாவுச்சத்து இல்லாத தின்பண்டம் ஏதாவது இருக்கிறதா?" என்று பாடப் புத்தகம் போலக் கேட்டேன்.

"மா இல்லாததோ அம்மா? இப்ப என்ர கடையில ஒண்டிலயும் மா இல்லை. எங்க, மாவே இல்லையே!" என்று அவர் கையை விரிக்க, கடை முழுதும் சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. காரணத்தைச் சொன்னதும் அவர் மனம் இரங்கி, வறுத்த கச்சான் கொஞ்சம் சுற்றித் தந்தார். கச்சான் என்பது நம் நிலக்கடலை. "பிள்ளைக்கு உடம்புக்கு ஏலாதெண்டு ஏன் முதலே சொல்லேல்லை? சல்லிக்குப் போங்கோ. நெத்தலி வாங்கிப் பொரிச்சுக் குடுங்கோ. மீனில எங்க மா இருக்கு?"

ஆகவே மூன்றாம் நாள் சல்லி. நகரத்துக்கு வடக்கே மீனவர் ஊர். போன பேருந்து ஊருக்குக் கொஞ்சம் முன்னால் மணலில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ள, ஓட்டுநர் உள்ளேயிருந்து திட்ட, திட்டத் திட்ட அது இன்னும் ஆழமாய்ப் புதைந்தது. நாங்கள் நடந்தே போனோம். கரையில் பாய் விரித்து ஒரு பெண் நெத்தலி காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு அதிகம் இல்லாததாக வேண்டும்" என்றேன்.

"உப்பில்லாமக் காயவைச்சா நாளைக்கு அது தானே எழும்பி நடக்கும்" என்றாள் அவள். பிறகு கோமுவின் கன்னத்தைப் பார்த்து, "மெலிஞ்சு போய் நிக்குது. என்ன வருத்தம்?" என்று நோயை விசாரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அன்று காலை வந்த பச்சை நெத்தலியில் ஒரு கை அள்ளித் தனியே ஓலைப்பெட்டியில் போட்டாள். "இதைக் காயவைக்காதே. தேங்காய்ச் சொட்டோட சேர்த்து மொறுமொறுவெண்டு பொரி. கார்னிவல் என்ன, கல்யாண வீட்டுக்கே கொண்டு போகலாம்."

திரும்பும்போது பேருந்து இன்னும் மணலில்தான் இருந்தது. ஒரு மீன் வியாபாரி தன் சைக்கிள் பெட்டியின் மேல் கோமுவை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் குளிப்பாட்டியும் அவள்மேல் மீன் வாசம் போகவில்லை. தெருவில் சர்வசாதாரணமாய் உலவும் புள்ளிமான்கள் அவளை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போயின என்று அத்தான் கேலி செய்தார்.

அந்தச் செய்முறைப்படியே பொரித்தோம். நெத்தலியும், சொட்டு என்று அவர்கள் சொல்லும் தேங்காய்ப் பல்லும், கறிவேப்பிலையும், கொஞ்சம் மிளகாய்த் தூளும். அண்ணி ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினார். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

கார்னிவலுக்குப் போகும் நாள் வந்தது. அன்று பகல் சோதனையில் குழாய் செங்கல் நிறம் காட்டியது. எங்கே தவறினேன்? காலைப் புட்டு கூடிவிட்டதா? ஊசியில் மருந்து குறைந்ததா, ஐஸ் உருகி மருந்து கெட்டதா? நாலு மணிக்குக் கொடுக்கவேண்டிய இரண்டு பிஸ்கட்டை நிறுத்தினேன். நிறுத்தியது சரியா என்று ஐந்து தடவை யோசித்தேன். கொடுத்திருந்தாலும் ஐந்து தடவை யோசித்திருப்பேன். நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது அண்ணி என் பையில் தின்பண்டங்களை அடுக்கினார்.

மைதானத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. மரக்கிணற்றுக்குள் ஒருவன் மோட்டார் சைக்கிளில் சுற்றினான். வளையம் எறிகிற கடை, நிறம் போட்ட ஐஸ்பழம், அவித்த சோளம், இறால் வடை, வாழையிலையில் ஆவி பறக்கும் மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ச் சம்பலும். கோமு எதையும் கேட்கவில்லை. தன் நெத்தலிப் பொட்டலத்தைத் திறந்து நடந்துகொண்டே தின்றாள். முன்பின் தெரியாத இரண்டு பிள்ளைகள் கை நீட்டினார்கள். அவள் கொடுத்தாள். தின்பண்டம் கேட்கிற பிள்ளையாக இல்லாமல் கொடுக்கிற பிள்ளையாக அவள் நின்ற முகத்தை நான் வாழ்நாள் முழுதும் வைத்திருப்பேன். பிறகு அந்தப் பிள்ளைகளோடு மைதானம் முழுக்க ஓடினாள். நான் தடுக்கவில்லை.

ஐந்தரை மணிக்கு ராட்டினம். அண்ணிக்குத் தலை சுற்றும், அத்தான் துணைக்குக் கீழே நின்றார். எங்கள் தொட்டிலில் மூன்றாவது ஆளாக, தலையில் சேலையை இழுத்துப் போட்டிருந்த ஒரு முஸ்லிம் பெண்ணை ஏற்றினார்கள். நாற்பது வயதிருக்கும். உட்கார்ந்ததுமே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"குறிஞ்சாக்கேணியால வாறன், கிண்ணியாப் பக்கம். மகள் இங்க டவுனுலதான் வாக்கப்பட்டிருக்கா, புள்ள பெத்திருக்கா. பாக்கப் போற வழியில இத கண்டுட்டன். வாழ்க்கையில ஒரு தரம் ஏறிப் பாக்கணும் எண்டு சின்ன வயசுல இருந்து ஆச." பிறகு குரலைத் தாழ்த்தி, "மகளுட மாமியார் வீட்டாக்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிரும். ஒருத்தருக்கும் சொல்லிராதங்க" என்றார். அவர் பெயரை நான் எங்கேயும் எழுதாததற்கு இதுதான் காரணம்.

மூன்று சுற்று நன்றாகச் சுற்றியது. அந்தப் பெண் ஒவ்வொரு இறக்கத்திலும் "அல்லாஹ்!" என்று கூவி, ஒவ்வொரு ஏற்றத்திலும் சிரித்தார். நாலாவது சுற்றில் நாங்கள் உச்சியில் இருக்கும்போது கீழே இயந்திரம் ஒரு தரம் செருமிவிட்டு நின்றது. ஒலிபெருக்கியும் கூடவே நின்றது. திடீரென்று காற்றுச் சத்தம் மட்டும்.

"பயப்பிடாதேங்கோ! எஞ்சின் பழுது! அஞ்சு நிமிசம்!" என்று கீழிருந்து கத்தினார்கள். அத்தான் சொன்னபடியே இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது. ஒரு பக்கம் மலைகளுக்கு நடுவே குளம் போல அசையாத துறைமுகம், அதில் கப்பல்கள். மறுபக்கம் திறந்த கடல். "அதோ அங்கிட்டுதான் எங்கட ஊர்" என்று அந்தப் பெண் கை காட்டினார்.

"கோமு, பார்" என்று திரும்பினேன். அவள் பார்க்கவில்லை. நெற்றி முழுக்க வியர்வை. அந்தக் காற்றில் யாருக்கு வியர்க்கும்? உதடு வெளுத்திருந்தது. "எனக்கு வீட்டுக்குப் போகணும்" என்று குழறினாள். பிடித்த கை நடுங்கியது.

செங்கல் நிறத்தைப் பார்த்துப் பிஸ்கட்டை நிறுத்தினேனே. அப்புறம் ஒரு மணி நேரம் ஓடவிட்டேனே. பையில் கைவிட்டு டப்பாவை எடுத்தேன். எடுத்ததும் மனம் கொஞ்சம் தேறியது. மூடியைத் திறந்தேன்.

உள்ளே கச்சான்.

உரித்து, உமி ஊதி, அழகாக நிரப்பிய கச்சான். பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். நெத்தலி, வெள்ளரித் துண்டு, அவித்த முட்டை. எல்லாம் நான் வாரம் முழுதும் தேடித் தேடிச் சேர்த்தவை. அவற்றில் ஒன்றாலும் அந்த நிமிடம் பிரயோசனம் இல்லை. "சீனி! யாராவது சீனி கொண்டுவாருங்கள்!" என்று கீழே பார்த்துக் கத்தினேன். கொண்டுவந்தாலும் எப்படி மேலே வரும்? கோமுவின் தலை என் தோளில் சாய்ந்தது.

"சீனியா வேணும்?" என்றார் பக்கத்திலிருந்தவர். ஏன் என்று கேட்கவில்லை. முழங்கையை விட்டுவிட்டு முந்தானை நுனியை இழுத்தார். "எனக்கிட்ட இரிக்கி. மகளுட ஊட்டுத் தேத்தண்ணிக்கு எண்டு முடிஞ்சு வந்தன்." முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். ஒரு சிறங்கை சீனி. அதை உள்ளங்கையில் கொட்டிக் கோமுவின் வாயருகே வைத்தார். "நக்குங்க மகள். நக்குங்க. உம்மாக்குக் காட்டுங்க பாப்பம், எப்படி நக்குறீங்க எண்டு."

அந்தக் கை ராட்டினத்தின் துருப்பிடித்த கம்பியைப் பிடித்த கை. ஊசியையும் குழாயையும் தினமும் இருபது நிமிடம் வேகவைக்கிற நான் அந்தக் கையை என் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். முதலில் கோமுவின் நாக்கு அசையவில்லை. நான் விரலில் தொட்டுக் கன்னத்துக்குள் தடவினேன். பிறகு கொஞ்சம் அசைந்தது. பிறகு ஆட்டுக்குட்டி போல அந்தக் கை முழுவதையும் நக்கினாள்.

பத்து நிமிடத்துக்குள் கண்ணைத் திறந்து, "இன்னும் மேலேயா இருக்கோம்?" என்று கேட்டாள்.

நான் அழுதேன். அந்தப் பெண்ணும் அழுதார், ஏன் என்று தெரியாமலே. சீனி ஆகாத பிள்ளைக்குச் சீனி ஏன் என்பதை அங்கே, அந்த உச்சியில்தான் வாய்விட்டு முழுவதுமாக ஒருவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப ரெண்டு பக்கமும் பாக்கணும் எண்டு சொல்றீங்க" என்றார். பிறகு மூவருமாகக் கச்சானைத் தின்றோம். "மகளுட மாமியார் வீட்டுல இண்டைக்கு வெறுந் தேத்தண்ணிதான்" என்று சிரித்தார். மீதி நெத்தலியை எல்லாம் அவர் முந்தானையில் கட்டிவிட்டேன்.

இயந்திரம் மறுபடி செருமி எங்களை இறக்கியபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது. இறங்கியதும் அவர் சேலையை முகம்வரை இழுத்துக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டார்.

அண்ணி ஓடிவந்தார். "டப்பாவில் இருந்த சீனி எங்கே அண்ணி?" என்றேன்.

"அதை நான் எடுத்து அலுமாரியில வச்சுப் பூட்டினனான். நீ தெரியாம வச்சிட்டாய் எண்டு நினைச்சன். பிள்ளை எடுத்துத் திண்டிடுமே எண்டு பயந்து..." சொல்லச் சொல்ல என் முகத்தைப் பார்த்து அவருக்கு விளங்கிவிட்டது. சாவி இடுப்பிலேயே தொங்கிற்று. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

கோபம் வரவில்லை. விஷம் என்று சொன்னது யார்? சொன்ன சொல்லை இவ்வளவு நேர்மையாக யாரும் காப்பாற்றியிருக்க மாட்டார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, மீதிப் பாதியைச் சொன்னேன். சர்க்கரை இறங்கினால் சீனிக்குப் பின்னாலேயே கொஞ்சம் மாவுச்சத்தும் கொடுக்கவேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், கோமு எழுந்து நின்றாள். "அப்போ அந்தக் கிழங்கு?"

இரண்டு துண்டு. சம்பலோடு, வாழையிலையில், எல்லாப் பிள்ளைகளையும் போல. அத்தான் வாங்கிவந்தார். நான் அளவு பார்த்துக் கொடுத்தேன். அவள் அதைத் தின்றதைவிட முகர்ந்ததுதான் அதிகம்.

புறப்படும் நாள் அண்ணி என் முந்தானையைத் தானே பிடித்திழுத்துச் சீனி முடிந்தார். என் டப்பாச் சீனியோடு வீட்டில் அந்த வாரத்துக்கு மிச்சமிருந்ததையும் சேர்த்துவிட்டார் என்று முடிச்சின் கனத்திலேயே தெரிந்தது.

"வேண்டாம் அண்ணி. ராமேஸ்வரத்தில் இறங்கினால் முதல் கடையிலேயே கிடைக்கும்."

"முதல் கடை வரும்வரைக்கும்?" என்றார் அண்ணி.

தலைமன்னாரில் சுங்க அதிகாரி ஒருவர் பெட்டியைக் கிளறினார். ஊசியையும் விளக்கையும் நீலப் புட்டியையும் மருத்துவர் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு என் முந்தானையைப் பார்த்தார். "அதுக்குள்ள என்ன?"

அவிழ்த்துக் காட்டினேன். நகையை எதிர்பார்த்திருப்பார். சீனியைக் கண்டதும் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். "இஞ்ச வந்து பாருமன். எங்கட நாட்டில இருந்து இந்தியாவுக்குச் சீனி கொண்டு போறா!" வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் வெட்கத்தில் முடிச்சை அங்கேயே உதறியிருப்பேன். அன்று அவ்வளவு பேர் முன்னால் நின்று, என் பிள்ளைக்குச் சீனி எப்போது ஆகாது, எப்போது உயிர் கொடுக்கும் என்று இரண்டு பாதியையும் சொன்னேன். சிரிப்பு அடங்கியது. அதிகாரி கோமுவைப் பார்த்தார். அவள் தடுப்புக் கட்டையில் தாடையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"கட்டுங்கோ அம்மா" என்றார் அவர். நான் முடிச்சுப் போட்டதையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னும் இறுக்கிக் கட்டுங்கோ. கப்பல் ஆடும்."